தொப்பை கரைந்த மாவேலி

ஓணம் தொடங்கும் அத்தம் நாளில் திருப்பூணித்துறையில் நடக்கும் அத்தச்சமய ஊர்வலத்துக்கு மட்டாஞ்சேரியிலிருந்து எங்கள் சைக்கிள் கூட்டம் வருஷம் தவறாமல் போகும். எல்லாருக்கும் முன்னால் தலையில் கிரீடமும் மூக்குக்குக் கீழே ஒட்டுமீசையுமாக மிதித்துக்கொண்டு போகிற மாவேலி, அதாவது மகாபலி ராஜா, நான்தான். போன வருஷம் வரைக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்த வருஷம் அந்த இடத்தைத் தூக்கிப் பரோட்டா மாஸ்டர் முத்துராமலிங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

குற்றம் என் மனைவி ஜுமைலாவுடையது. டாக்டர் சர்க்கரை என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான், வீட்டில் சோறு என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. காலையில் கோதுமைக் கஞ்சி, ராத்திரி சப்பாத்தி, நடுவில் பசித்தால் வெள்ளரிக்காய். ஓணம் வருவதற்குள் என் தொப்பை கரைந்தே போயிற்று. யூதர்கள் இருந்த ஜூ டவுனில் நான் பித்தளைச் சாமான் விற்கும் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், இளமையாகிவிட்டீர்களே என்றார்கள். மாவேலிக்கு எதற்கு இளமை? தொப்பையில்லாத மாவேலியை யார் பார்த்திருக்கிறார்கள்?

கூட்டத்தின் செயலாளர் ரயீஸ், காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், சாயாக்கடையில் எல்லார் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"இக்கா, இந்த வருஷம் நமக்கு முத்து மதி, முத்து போதும். இக்காக்கு இப்ப வயறு இல்லல்லோ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு போனாலும் வயிற்றெரிச்சல் போகவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

முத்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன். கடைவீதி ஓட்டலில் கல்லுக்கு முன்னால் நிற்கிறான். அவன் தொப்பையை நான் வியாபாரியின் கண்ணால் பார்த்தேன். பளபளவென்று, உருண்டையாக, சொல்ல ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? ஊர்வலத்தில் மாவேலிக்குப் பின்னால் ஓலைக்குடை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டுமாம். கிரீடம் வைத்த தலைக்கு இது தேவையா?

மாவேலியின் ஆட்சியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் தேவர்கள். அதனால்தான் அவரைப் பாதாளத்துக்கு அனுப்பினார்கள் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆக, என் பக்கமும் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

அத்தத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். முத்துவுக்கு அது முதல் நெடும்பயணம், ஓட்டலுக்கும் சந்தைக்கும் மட்டும் மிதித்துப் பழகியவன். கிரீடம் சாய்ந்துவிடக்கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு மிதித்தான். ஆனால் தெரு முழுக்க அவனுக்குத்தான் வரவேற்பு. தோப்பும்படியில் மீன்கூடையோடு நின்ற பெண்கள் கை காட்டினார்கள். வாசலில் பூக்களம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து அவன் சைக்கிள் கூடையில் ஒரு பிடி செண்டுமல்லியைப் போட்டாள். என்னைப் பார்த்து, "சேட்டா, ஒண்ணு மாறிக்கோ" என்றாள், போட்டோ எடுக்க நான் மறைக்கிறேனாம்.

நான் மாவேலியாகப் போனபோது யாரும் பூ போட்டதில்லை.

வில்லிங்டன் தீவைத் தாண்டிக் குண்டன்னூர்ப் பாலம் தொடங்குமிடத்தில் முத்து மூச்சு வாங்கினான். ஏற்றத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இக்கா, ரொம்ப ஏத்தமா இருக்குல்லா? எறங்கி உருட்டிக்கிட்டே வந்துரவா?"

எல்லாரும் உருட்டுகிற இடம்தான் அது. நானே வருஷாவருஷம் உருட்டியிருக்கிறேன். ஆனால் அந்தச் செண்டுமல்லி என் கண்ணில் மிளகாயாக எரிந்துகொண்டிருந்தது.

"மாவேலி எறங்கக்கூடாது முத்து" என்றேன். "ராஜாவாக்கும். மட்டாஞ்சேரில ஏறினா திருப்பூணித்துறைலதான் கால் தரைல படணும். பண்டு தொட்டு அப்படித்தான்."

"அப்படியா இக்கா? நல்லவேளை சொன்னீய. தெரியாம எறங்கியிருப்பேன்."

நம்பிவிட்டான். தலையில் கை வைத்துக் கிரீடத்தை அழுத்திக்கொண்டு எழுந்து நின்று மிதித்தான். நான் இறங்கி, சாவகாசமாக உருட்டிக்கொண்டு, அவன் முதுகில் வியர்வை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ரொம்ப சுகமாக இருந்தது. உச்சியில் அவன் நிற்பான், விழுவான் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அடுத்த பாலத்திலும் இறங்கவில்லை. பேட்டைப் பாலத்தில் அவன் கால்கள் நடுங்கியதைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

திருப்பூணித்துறையில் எள் போட இடமில்லை. ஒரு காலத்தில் கொச்சி ராஜா பரிவாரத்தோடு வந்த ஊர்வலம் இது. இப்போது ராஜா இல்லை, கூட்டம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. செண்டை மேளம், தெய்யம், புலி வேஷம், லாரி லாரியாக அலங்கார வண்டிகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் எங்கள் கூட்டம், சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு. முன்னால் முத்து நடந்தான், நான் குடை பிடித்தேன், என் சைக்கிளை வேறொருவன் உருட்டினான்.

"மாவேலீ!" என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். முத்து கையெடுத்துக் கும்பிட்டான். மாவேலி ஆசீர்வதிக்க வேண்டியவர், கும்பிடக்கூடாது, அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் சனங்களுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. குழந்தைகளைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்கள். குடைக்கம்பு என் தோளை அறுத்தது. ஒரு ஆள்கூட குடைக்குக் கீழே இன்னொருவன் இருக்கிறான் என்று பார்க்கவில்லை.

ஊர்வலம் பாதி தூரம் வந்திருக்கும். முத்து சட்டென்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தசை கல்லாக இறுகிப்போயிருந்தது. ரயீஸ் ஓடிவந்து தண்ணீர் தெளித்துத் தேய்த்தான். எழுப்பினால் நிற்க முடியவில்லை. முன்னால் போன வண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது, போலீஸ்காரர் விசில் ஊதினார்.

முத்து தானாகவே கிரீடத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "நீங்க போடுங்க இக்கா. ஒங்களுக்குத்தான் இது பழக்கம். நீங்க சொன்னபடியே நான் எங்கயும் எறங்கல, அதனாலதான் இவ்வளவு தூரமாச்சும் வர முடிஞ்சுது."

கொஞ்சம் கூசத்தான் செய்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கிரீடம் கைக்கு வந்ததும் கூச்சம் போன இடம் தெரியவில்லை. ரயீஸின் மழைக்கோட்டைச் சுருட்டி இடுப்பில் கட்டி, மேலே முத்துவின் பட்டுச் சால்வையைப் போர்த்தினேன். மீசையை ஒட்டினேன். முத்துவைத் தெருவோரத்துக் கடைப்படியில் சாய்த்துவிட்டு, ரயீஸிடம் குடையைக் கொடுத்தேன்.

நாலு அடி வைத்ததும் "மாவேலீ!" என்று கத்தினார்கள்.

அதே சத்தம். கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆள் மாறியதை யாரும் கவனிக்கவில்லை, குழந்தைகளை அதே மாதிரி நீட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. இத்தனை வருஷமும் இவர்கள் கத்தியது எனக்கா, இந்தத் தகரத்துக்கா என்று ஒரு சந்தேகம் உள்ளே புகுந்து குடைந்தது. மழைக்கோட்டு நழுவியது. ஒரு கையால் தொப்பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆசீர்வதித்தேன்.

அப்போதுதான் இடதுபுறம், கயிற்றுக்கு அந்தப் பக்கம், முதல் வரிசையில் ஜுமைலாவைப் பார்த்தேன்.

நான் மாவேலியாகப் போன ஒரு வருஷம்கூட அவள் வந்ததில்லை. வெயில் என்பாள், தலைவலி என்பாள், வீட்டில் பார்க்கிற முகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் வரணுமா என்பாள். இன்றைக்கு மெட்ரோ பிடித்து வந்து, கூட்டத்தை முட்டித் தள்ளி முன்னால் நிற்கிறாள். பெருநாளுக்கு எடுத்த பச்சைச் சேலையை உடுத்தியிருந்தாள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி குதித்துக் கத்தினாள்:

"மாவேலியே! இங்க பாருங்க! இங்க!"

அவளிடம் அப்படியொரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. திரும்பி அவளை நேராகப் பார்த்தேன்.

போன் மெதுவாகக் கீழே இறங்கியது.

"நீங்களா?" என்றாள். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "முத்து எங்க?"

"கால் பிடிச்சுக்கிச்சு. அங்க பின்னால, கடைப்படில இருக்கான்."

"அய்யோ, தனியாவா விட்டிட்டு வந்தீங்க?"

"இக்கா, நடங்க, நடங்க" என்று ரயீஸ் குடைக்கம்பால் முதுகில் இடித்தான். போலீஸ்காரரும் விசில் ஊதினார். ஜுமைலா அதற்குள் திரும்பிவிட்டாள். பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "ஒண்ணு வழி தாங்க" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்பக்கமாகப் போனாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வலது கையை உயர்த்தி அவள் முதுகை ஆசீர்வதித்தேன்.