மரத்துப்போன சுண்டுவிரல்

பல் செட் செய்யும் அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் மெழுகு என்றுதான் கூப்பிட்டார்கள். வாயில் அளவெடுத்து வார்த்த மாவுக்கட்டியின் மேல் மெழுகை உருக்கி ஊற்றி, ஈறும் பல்லுமாகச் செதுக்கி வைப்பது அவள் வேலை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கணவன் உண்டு, பள்ளிக்கூடம் போகும் மகள் உண்டு. அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு மாலை, முதுகில் மின்சார கிடாரும் கையில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது, கதவைத் திறந்த கணவன் வழிவிடவும் மறந்து நின்றான்.

"யாருக்கு இது?"

"எனக்குத்தாங்க."

"பாட்டு கத்துக்கப் போறியா?"

"பாட்டுன்னு சொல்ல முடியாது. சத்தம்."

இதற்கெல்லாம் காரணம், பட்டறையில் இடி என்று பேர் வாங்கியவள். பக்கத்து மேசையில் பீங்கான் பல் செய்கிறவள்; பேச ஆரம்பித்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு பெயின்ட் கிடங்கின் பின்னறையில் டிரம்ஸ் வாசிப்பாள். அவள் கணவன் பேஸ் கிடார். பாடுவதும் லீட் கிடார் வாசிப்பதும் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தாளத்தோடு ஒட்டி அடிக்கும் ரிதம் கிடார்க்காரன் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போய்விட்டான். "சும்மா வந்து பாரேன்" என்று இடி மெழுகை இழுத்துக்கொண்டு போனாள்.

அதற்கு முந்தைய வருஷம்தான் மெழுகின் அண்ணன் இறந்திருந்தான். தசையைத் தின்னும் நோய். கையில் தொடங்கி, காலுக்கு இறங்கி, நாக்குக்கு ஏறி, கடைசியில் மூச்சைப் பிடித்தது. அதிலிருந்து அவளுக்கு அமைதி என்றாலே ஆகாமல் போயிற்று. வீடு கொஞ்சம் அடங்கினால் போதும், அண்ணன் மூச்சு வாங்கும் சத்தம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிடங்கின் பின்னறையில் அந்த நான்கு சுவரும் அதிர்ந்தபோது, சத்தம் நெஞ்செலும்பில் மோதியபோது, பாட்டு முடியும் வரை அவளுக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கத்துக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"அது உன் விரலைக் கேக்கணும்" என்றாள் இடி.

விரல்கள் முதலில் மறுத்தன. தடித்த கம்பியை அழுத்தியதும் நுனியில் கோடு விழுந்து எரிந்தது. மெக்கானிக் முதலில் பவர் கார்டு காட்டிக்கொடுத்தான்: ஆள்காட்டி விரல் ஒரு கம்பியில், மோதிர விரலும் சுண்டுவிரலும் அடுத்தடுத்த கம்பிகளில், அதே வடிவத்தை அப்படியே மேலும் கீழும் நகர்த்த வேண்டியதுதான். "இது ஒண்ணு வந்துட்டா பாதி மெட்டல் மியூசிக் வந்த மாதிரி" என்றான். அடுத்தது வலது கை. உள்ளங்கை ஓரத்தைக் கம்பிகள் மேல் லேசாக வைத்துக்கொண்டு அடித்தால், அலறவேண்டிய சத்தம் அடங்கி 'டுக் டுக்' என்று வரும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் கட்டையைத் தட்டுவது போலாகிவிடும். கொஞ்சம் தளர்த்தினால் ஆம்ப் கூச்சல் போடும். மெழுகு செதுக்கிப் பழகிய கைக்கு அந்த நூலிழை அழுத்தம் சீக்கிரமே பிடிபட்டது. கீழ்நோக்கியே அடிப்பது, பிறகு ஒன்று நீளமாக இரண்டு குட்டையாகக் குதிரை ஓடுவது போல அடிப்பது என்று படிப்படியாக ஏறினாள். மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, மிக்ஸி நல்லா ஓடுது" என்பாள். கணவன் அந்த நேரம் பார்த்துக் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுவான்.

குதிரை ஓட்டம் கைக்கு வந்த அந்த வாரம்தான் சுண்டுவிரல் மரத்தது.

முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கையை உதறினாள், சரியாயிற்று. மறுநாளும் வந்தது, மோதிர விரலையும் கூட்டிக்கொண்டு. காலையில் எழுந்திருக்கும்போது அந்த இரண்டு விரலும் யாருடையதோ போல இருந்தன. கம்பி புதிது, பழக்கம் புதிது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் பட்டறையில், விளக்கில் கத்தியைக் காய்ச்சி மெழுகு இழுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ கருகும் வாடை. மெழுகு வாடை இல்லை. குனிந்து பார்த்தாள். இடது சுண்டுவிரல் விளக்குச் சுடரின் ஓரத்தில் இருந்தது. தோல் வெளுத்துக் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவளுக்கு வலிக்கவில்லை.

கையை வெடுக்கென்று இழுத்து மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அண்ணனுக்கும் கையில்தான் ஆரம்பித்தது.

"என்னடி, முகம் வெளிறிப்போச்சு?" என்றாள் இடி.

"ஒண்ணுமில்ல. சூடு பட்டுருச்சு."

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை இரண்டானது. பட்டறை வேலை ஒன்று. தன் கையை வேவு பார்ப்பது இன்னொன்று. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டு இரண்டு கையையும் கண்ணாடி முன் நீட்டி, கட்டை விரலுக்குப் பக்கத்துச் சதையை ஒப்பிட்டுப் பார்ப்பாள். அண்ணனுக்கு அந்த இடம்தான் முதலில் குழி விழுந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்; அண்ணன் முதலில் தோற்றது ஒரு கதவுச் சாவியிடம். மகள் பென்சிலை நழுவவிட்டால் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இது ரத்தத்தில் வருவதாக இருந்தால்? கணவனிடம் வாயே திறக்கவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

கிடார் அவளுக்குப் பரீட்சையாகிவிட்டது. இன்றைக்குக் குதிரை ஓட்டம் தடுமாறாமல் வந்தால் எனக்கு ஒன்றுமில்லை என்று மனதுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டு உட்காருவாள். வந்தால் நம்ப முடியாமல் இன்னொரு முறை அடிப்பாள். வராவிட்டால் வரும் வரை அடிப்பாள். சோபாவில் கிடாரைக் கட்டிப்பிடித்து, முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றி, முதுகு வளைந்து, வேர்க்க வேர்க்க அடிப்பாள். எவ்வளவு வாசித்தாளோ அவ்வளவு மரத்தது. எவ்வளவு மரத்ததோ அவ்வளவு வாசித்தாள்.

ஒரு ஞாயிறு, கிடங்கில், பாட்டின் நடுவே சுண்டுவிரல் வளைந்து கம்பியை விட்டு விலகி நின்றுகொண்டது. அவள் அழுத்தச் சொல்கிறாள், அது கேட்கவில்லை. ஆம்ப் அலறியது. இடி குச்சிகளை நிறுத்தினாள்.

"கை வலிக்குதா?"

"இல்ல" என்றாள் மெழுகு. அதுதான் அவளைக் கொன்றது. கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள்.

அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் மேற்பார்வையாளர். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெழுகு சுற்றி வளைத்துத்தான் கேட்டாள்.

"அண்ணி, அண்ணனுக்கு முதமுதல்ல எப்படி இருந்துச்சு? மரத்துப்போகுதுன்னு சொன்னாரா?"

அண்ணியின் கை துணியிலேயே நின்றது. "இல்ல. அவருக்கு மரக்கவே இல்லம்மா. கடைசி வரைக்கும் ஈ உக்காந்தாகூடத் தெரியும். ஓட்டத்தான் முடியாது." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குக் கேக்கற?"

அண்ணி எழுந்து வந்து அவள் இடது கையைப் பிடித்தாள், கொப்புளம் ஆறிய தழும்பைப் பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"தம்பிக்கு, உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"இல்ல."

"உங்க அண்ணனுந்தான் என்கிட்ட சொல்லாம ஒளிச்சு வச்சாரு. உங்க குடும்பத்துக்கே இது ஒரு புத்தி." அழுதுகொண்டே திட்டினாள். அப்போதே மெழுகின் கணவனுக்கு போன் போட்டுச் சொன்னதும் அவள்தான்.

கணவன் உடனே கிளம்பினான். வந்து பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்திருப்பது அவளுக்குப் பார்த்தால்தான் தெரிந்தது. மகளை அவன் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், பரிசோதனைக்கு அண்ணியே கூட வந்தாள்.

நரம்பு டாக்டர் நடுவயதுப் பெண்மணி. கையில் பட்டைகளை ஒட்டி, சின்னச் சின்ன ஷாக் கொடுத்தார். விரல்கள் தாமாகத் துள்ளின. அடுத்து ஊசி. தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகினால், தசையின் மின்சாரம் மெஷினில் சத்தமாகக் கேட்கும். அண்ணிக்கு அந்த மெஷினைத் தெரியும். அண்ணனைச் சோதித்தபோது திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி விடாமல் பொரிந்தது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். இப்போது கட்டிலின் கால்மாட்டில், கைப்பையை நெஞ்சோடு அணைத்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"கையைத் தளர்த்துங்க" என்றார் டாக்டர். "நீங்க தளர்த்தினா அதுவும் சும்மா இருக்கணும்."

மெழுகு தளர்த்த முயன்றாள். பயத்தில் உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு நின்றது. மெஷின் கரகரவென்று இரைந்தது. அண்ணியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அது அவங்க இறுக்கிப் பிடிக்கறதால வர்ற சத்தம்மா" என்றார் டாக்டர் அண்ணியிடம். பிறகு மெழுகின் பக்கம் திரும்பினார். "மூச்சு விடுங்க. மெதுவா."

அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. முழங்கை இறங்கியது. மெஷின் அடங்கியது.

ஒன்றுமே கேட்கவில்லை. ஏசி ஓடும் சத்தம் மட்டும். டாக்டர் ஊசியை எடுத்து வேறு இடத்தில் செருகினார். அங்கேயும் ஒன்றுமில்லை. முன்கை, தோள், தொடை. ஒவ்வொரு முறையும் அவள் செத்துப் பிழைத்தாள். எல்லா இடத்திலும் அமைதி. அமைதியைக் கண்டால் ஓடுகிறவள், அன்றைக்கு அதற்காக மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு கிடந்தாள். கண்ணைத் திறந்தபோது அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணனுக்கு வந்ததுதான் உங்களுக்குன்னு பயந்தீங்களா?" என்றார் டாக்டர். "அந்த நோய்ல மரத்துப்போகாது. சூடு பட்டா தெரியும். உங்களுக்குத் தெரியலன்னதும் எனக்குப் பாதி நிம்மதி. முழங்கையில இடிச்சுக்கிட்டா கரண்ட் அடிக்குமே, அந்த நரம்பு நசுங்கியிருக்கு. கையை மடக்கி ஊன்றிக்கிட்டே ஏதாவது செய்யறீங்களா?"

மெழுகு, "பட்டறையில மேசை விளிம்புல ஊன்றுவேன்" என்று மட்டும் சொன்னாள். கிடாரைச் சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்ற புதுப் பயம்.

"கிடார் அடிக்கிறா டாக்டர்" என்றாள் அண்ணி தரையிலிருந்து. "தம்பி சொன்னாரு. நெல்லு மிஷின் மாதிரி சத்தமாம்."

டாக்டர் சிரித்துவிட்டார். எப்படி உட்காருவாள் என்று மூலையிலிருந்த குடையைக் கையில் கொடுத்து நடித்துக்காட்டச் சொன்னார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கொஞ்ச காலம் கிடாரைத் தொடக் கூடாது. தூங்கும்போது முழங்கை மடங்காதபடி பட்டை கட்ட வேண்டும். எங்கேயும் ஊன்றக் கூடாது. "நரம்பு மெதுவாத்தான் வளரும். முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை அவளோடு வீட்டுக்கு வந்தது. உயிர்ப் பயம் போன இடத்தில் ஒரு சின்ன பயம் குடியேறிக்கொண்டது. தடை நீங்கும் வரை அவள் வலது கையை மட்டும் மடியில் தட்டிப் பழகினாள். பிறகு மெக்கானிக் தோள்வாரின் நீளத்தைச் சரிசெய்து, நின்றுகொண்டே வாசிக்கும்படி கிடாரை மாட்டிவிட்டான்.

கிடங்குக்குத் திரும்பிய அன்று அண்ணியும் கூடவே வந்தாள். பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். இடி குச்சிகளை நான்கு முறை தட்டினாள். குதிரை ஓட்டம் கிளம்பியது. பாதியில் சுண்டுவிரல் பின்தங்குவதை மெழுகு உணர்ந்தாள். வலது கை நிற்கவில்லை. சுண்டுவிரலைத் தூக்கிவிட்டு, மீதி இரண்டு விரலோடு மட்டும் அழுத்தினாள். சத்தம் கொஞ்சம் மெலிந்தது, தாளம் உடையவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அண்ணியைத் தவிர. அவள் ஆரம்பத்திலிருந்தே அந்த இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கொட்டாமல்.

முடிந்ததும் பஞ்சை எடுத்தாள். "எனக்கு ஒரு மண்ணும் புரியல" என்றாள். "அந்தக் கடைசி விரலு ஏன் தூக்கிக்கிச்சு?"

"சோர்ந்துபோச்சு அண்ணி. நானேதான் தூக்கினேன்."

"நீயேதானே?"

"நானேதான்."

அண்ணி பஞ்சைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டு, "சரி, இன்னொரு தடவை அடி. பாக்கறேன்" என்றாள்.