காதைத் தொட்டு, வாயைத் தொட்டு

அந்தச் சந்தையில் ஒரு சட்டம் உண்டு. கைவினைக் கடை போடுகிறவர்கள் பொருளை மட்டும் கொண்டுவந்தால் போதாது. அதைச் செய்கிற ஆளையும் கூட்டிவந்து கடை வாசலில் உட்கார வைத்து, வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க வேலை செய்ய வைக்க வேண்டும். தலைக்கு மேல் ஒரு அட்டையில் அந்த ஆளின் படமும் கதையும் தொங்க வேண்டும். யாரையும் சுரண்டாமல் செய்த பொருள் என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம். நல்ல அத்தாட்சி போங்கள்! சுரண்டுகிறவள் கல்லாவில் இருந்தாள், சுரண்டப்படுகிறவள் முக்காலியில் இருந்தாள், நடுவில் அட்டை தொங்கியது.

முக்காலியில் இருந்தவள் கல்லாவில் இருந்தவளுக்கு நாத்தனார். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். துணியை நீளநீளமாகக் கிழித்து, ஊசியால் பின்னிப் பை செய்வாள். அந்த விரல்களுக்கு அப்படி ஒரு வேகம். அண்ணி அதைப் பார்த்த அன்றே கடை போடும் யோசனை வந்துவிட்டது. அண்ணன் வண்டி ஓட்டினான். வேறு எதிலும் அவன் தலையிடவில்லை. பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவே எது நடந்தாலும் அவன் போய் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதலில் அவர்கள் சேர்ந்தது வேறொரு சந்தையில். அங்கே ஒரு அம்மாள் பையைத் தடவிப் பார்த்து, "பழைய துணியை வீணாக்காம இப்படிச் செய்யறீங்களே, எவ்வளவு நல்ல விஷயம்" என்று நாத்தனாரிடமே சொல்லி உருகினாள். இவள் இருக்கிறாளே, தொழில் தெரிந்தவள், வாய் சும்மா இருக்குமா?

"பழசு இல்லீங்க, மில்லுல வாங்கின புதுத் துணி. பழசைப் பின்னினா நாலு நாளில அறுந்துடும்" என்றாள்.

பை நன்றாக உழைக்கும் என்று பெருமையாகச் சொன்னாள், அவ்வளவுதான். அட்டையிலோ 'தூக்கி எறிந்த துணிக்கு மறுவாழ்வு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அன்று மாலையே கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணி குதித்த குதி இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

"உன் வாயாலதானடி கெட்டோம்? இனிமே அந்த வாயே உனக்கு வேண்டாம்!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அண்ணியின் முகம் மாறியது. அடுத்த வாரம் இந்தச் சந்தைக்கு விண்ணப்பம் போட்டபோது, செய்பவர் விவரம் என்ற இடத்தில், 'பிறவியிலேயே காது கேளாதவர், பேச இயலாதவர்' என்று எழுதினாள்.

அப்புறம் பயிற்சி. குழந்தைக்குக் கையெழுத்து அழகாக வர எவ்வளவு பாடுபடுவார்களோ அவ்வளவு பாடுபட்டாள் அண்ணி. யாராவது ஏதாவது கேட்டால் காதைத் தொட வேண்டும், வாயைத் தொட வேண்டும், கையை விரிக்க வேண்டும். இது ஒரு நாளில் வந்துவிட்டது. காது கேட்காதது மாதிரி இருப்பதுதான் வரவில்லை. இவள் பின்னிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அண்ணி எவர்சில்வர் தட்டைப் போடுவாள். திரும்பினால் தொடையில் ஒரு கிள்ளு. தோள் லேசாகத் துள்ளினாலும் கிள்ளு. பதினைந்து நாளில் தொடை நீலம் பாரித்துப்போனது. பதினாறாம் நாள் தட்டு விழுந்தது, ஊசி நின்ற இடத்திலிருந்து அப்படியே மேலே போனது. அண்ணி கைதட்டிச் சிரித்தாள்.

"பாத்தியா, மனசு வச்சா வருதுல்ல?"

வண்டிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவளுக்கு வாய். அதுவும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மெதுவாக. மூன்று வருஷம் இப்படிப் போனது.

இந்தச் சந்தை ஊர் ஊராகப் போவது. ஒரு ஊரில் ஐந்து நாள், பிறகு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். தெருவை மறித்துக் கூடாரம் போட்டால் ஒரு வரிசை கைவினை, எதிர் வரிசை உலகச் சாப்பாடு. அண்ணியின் கடைக்கு எதிரில் எப்போதும் ஒரே ஆள்தான். எண்ணெயில் மாவு உருண்டை பொரிப்பவர். ஊருக்கு ஊர் பலகையை மாற்றி வேறொரு நாட்டின் பெயரை மாட்டுவார். மாவு அதே மாவு, எண்ணெய்கூடப் பல சமயம் அதே எண்ணெய். அவருக்கு ஏழுநாட்டார் என்றே பெயர். தார் ரோட்டில் கூடாரத்துக்கு முளை இறங்காது, எல்லாரும் மணல் மூட்டை வைத்துக் கட்டுவார்கள். ஏழுநாட்டாருக்கு அதுவும் சோம்பல். கூடாரக் கயிற்றை அடுப்பு மேசையின் காலிலேயே கட்டிவிடுவார்.

"கொப்பரையில இவ்வளவு எண்ணெய் இருக்கு, எங்க அசையப்போகுது?" என்பார். ஆளாளுக்கு ஒருமுறை திட்டினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

ஊமை என்றதும் பை இரண்டு மடங்கு விற்றது. ஜனங்கள் முக்காலி முன்னால் வந்து நின்று, "ஐயோ பாவம்" என்று வாய்விட்டே சொன்னார்கள். கேட்காது அல்லவா? "முகத்துல ஒரு களையும் இல்ல பாரேன்" என்றும் சொன்னார்கள். ஒருத்தி தன் மகளிடம், "நல்லாப் படிக்கலைன்னா இப்படித்தான் தெருவுல உக்காரணும்" என்றாள். ஒருவன் நிஜமாகவே செவிடுதானா என்று பார்க்கக் காதருகே வந்து விசில் அடித்தான். அவள் பின்னிக்கொண்டே இருந்தாள்.

அவளை மனுஷியாக மதித்தவள் சந்தையின் மேற்பார்வைக்கார அம்மாள் ஒருத்திதான். மதியம் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் வீட்டுக் கதையெல்லாம் அவளிடம் சொல்வாள். கேட்காத ஆளிடம் சொல்வதில் ஒரு நிம்மதி அவளுக்கு. இவளுக்கோ, யாரோ தன்னிடம் பேசுகிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. பதில் சொல்ல நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அப்படி ஒரு ஊரில், நான்காம் நாள் காலையில் மேற்பார்வைக்கார அம்மாள் ஒரு காகிதத்தோடு வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"செய்யறவங்களுக்கே சொந்தக் கடை கொடுக்கலாம்னு முடிவாயிருக்குங்க. வாடகை கிடையாது. டவுன்ல நம்ம தலைமை ஆபீஸ் பின்னாடி தங்க ஒரு ரூமும் உண்டு, தனிச் சாவி. முதல் பேரா உங்க நாத்தனார் பேரைத்தான் எழுதியிருக்கேன்" என்று அண்ணியிடம் சொன்னாள்.

முக்காலியில் இருந்தவள் காதில் அது விழுந்தது. தனிச் சாவி! துணி மூட்டைகளுக்கு நடுவே பாய் போட்டுப் படுக்கிறவளுக்கு, ஒரு கதவு, அதை உள்ளேயிருந்து சாத்திக்கொள்ளலாம், சாத்திக்கொண்டு வாய்விட்டுப் பேசலாம், பாடலாம், யாரை வேண்டுமானாலும் திட்டலாம்.

அண்ணி ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுக்கே பரிசு கொடுக்கலாம்.

"உங்க மனசு யாருக்கு வரும்? ஆனா சொல்லாம இருக்க முடியலைங்க. அவளுக்குப் பேச்சு மட்டும் இல்ல, மூளையும் கொஞ்சம் கம்மி. தனியா விட்டா ரோட்டைத் தாண்டத் தெரியாது. சில சமயம் பாவாடையிலேயே போயிடுவா. நாங்கதான் கழுவி விடறோம். வெளிய சொல்லிக்கறதில்ல."

மேற்பார்வைக்கார அம்மாள் திரும்பி இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த அருவருப்பை அவளால் மறைக்க முடியவில்லை. பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஒரு கோடு போட்டாள். நாற்காலியை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மதியம் கதை சொல்ல அவள் வரவில்லை.

சாயங்காலம் வண்டிக் கதவைச் சாத்தியதும் இவள் அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் கழுவி விடற ஆளா அண்ணி? ஏன் அப்படிச் சொன்னீங்க? அந்த ரூம் எனக்குக் கெடைக்கட்டுமே. பை எல்லாம் உங்களுக்கே பின்னித் தரேன்."

அண்ணி காலை உதறவில்லை. பொறுமையாகவே பேசினாள், அதுதான் தாங்க முடியவில்லை.

"சரி, நாளைக்கு நீயே போய்ச் சொல்லேன். 'எனக்கு மூளை நல்லா இருக்கு, காது கேக்கும், வாயும் பேசும், மூணு வருஷமா நீங்க சொன்ன கதையெல்லாம் ஒட்டுக்கேட்டேன்'னு சொல்லு. ரூம் தராங்களா, செருப்பால அடிக்கறாங்களான்னு பாக்கலாம்."

இவள் முன் இருக்கையைப் பார்த்தாள். "அண்ணா!"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"இங்க பாரு" என்றாள் அண்ணி. "உயிரே போனாலும் சரி, சந்தைக்குள்ள உன் வாயிலேருந்து சத்தம் வரக் கூடாது. வந்துது, அப்புறம் உனக்கு நம்ம வீட்டுல இடமும் இல்ல."

"சரி அண்ணி" என்றாள் அவள். அதுதான் அண்ணியிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை.

மறுநாள் கடைசி நாள், நல்ல கூட்டம். ஐந்து மணிக்கே பைகள் தீர்ந்துவிட்டன. கூட்டம் கலையும்வரை வண்டிகள் உள்ளே வரக் கூடாது என்பது விதி. அண்ணிக்கா விதி? அண்ணனுக்குப் போன் போட்டு, மீதிப் பை மூட்டைகளோடு வண்டியை ஏழுநாட்டார் கடையை ஒட்டிய சந்துக்குள் பின்பக்கமாக விடச் சொன்னாள். தானே போய் எதிர் வரிசையில், ஏழுநாட்டாரின் அடுப்பை ஒட்டி நின்றுகொண்டு கையை ஆட்டினாள்.

"வா, வா... இன்னும் வா... ஒடி..."

ஏழுநாட்டார் பின்னால் திரும்பி மாவு உருட்டிக்கொண்டிருந்தார். கொப்பரையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. முக்காலியிலிருந்து பார்த்தால் எல்லாம் நேர் எதிரே. வண்டியின் பின்கதவுக் கொக்கி கூடாரக் கயிற்றில் மாட்டியதை அவள் பார்த்தாள். தொய்ந்திருந்த கயிறு விறைப்பானதைப் பார்த்தாள். மேசையின் கால் ஒரு விரற்கடை நகர்ந்தது. அண்ணி வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொப்பரைக்குப் பக்கத்தில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. அதையும் இவள் பார்த்துக்கொண்டாள்.

'அண்ணி, நகருங்க.' இரண்டே வார்த்தை. தொண்டைவரை வந்ததா என்றால், வந்தது. அதில் பொய் சொல்லக் கூடாது. சரி, கத்த வேண்டாம், எழுந்து ஓடியிருக்கலாமே, கையையாவது ஆட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆட்டியிருக்கலாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்னினாள். ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சு. நான்காவது முடிச்சில் மேசை சாய்ந்தது.

கொப்பரை தரையில் விழுந்த சத்தத்தில் தெருவே திரும்பியது. அண்ணி போட்ட அலறல் கடைசிக் கடைவரை கேட்டது. ஓடி வந்தவர்கள் பார்த்தது இதைத்தான்: ஒரு பக்கம் தோளும் கையும் வெந்துபோய் ஒருத்தி தரையில் துடிக்கிறாள், பத்தடி தூரத்தில் அவள் நாத்தனார் ஒன்றும் தெரியாமல் பை பின்னிக்கொண்டிருக்கிறாள். இவள் தோள்கூடத் துள்ளவில்லை. நல்ல பயிற்சி அல்லவா?

மேற்பார்வைக்கார அம்மாள்தான் வந்து அவள் தோளைத் தொட்டாள். அப்போதுதான் நிமிர்ந்தாள். அந்த அம்மாள் அவளை அப்படியே அணைத்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பேச அனுமதித்தார்கள். கட்டிலைச் சுற்றி அண்ணன், மேற்பார்வைக்கார அம்மாள், ஒரு நர்ஸ். இவள் கால்மாட்டில் நின்றாள். அண்ணி கண்ணைத் திறந்ததும் நேராக அவளைத்தான் பார்த்தாள்.

"நீ பாத்தேல்ல? நேரே உக்காந்திருந்தியே! பாத்துக்கிட்டுத்தானேடி இருந்த?"

"என்னங்க இது?" என்று மேற்பார்வைக்கார அம்மாள் பதறினாள். "அவங்க கிட்டப் போய்க் கேக்கறீங்களே? பாத்திருந்தாலும் எப்படிங்க கத்துவாங்க?"

"கத்துவா! நல்லாக் கத்துவா! அவ ஊமை இல்லீங்க, எல்லாம் காதுல விழும், நல்லாப் பேசுவா! என்னங்க, நீங்க சொல்லுங்க!"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். வண்டி ஓட்டியவன் அவன். விதியை மீறி வண்டியை உள்ளே விட்டவனும் அவன். மூன்று வருஷப் பொய்யும் சேர்ந்து வெளியே வந்தால் என்ன ஆகும் என்று அவன் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. அங்கே பார்க்க டயர் இல்லை. தரையைப் பார்த்தான்.

"உங்க தங்கச்சி பேசுவாங்களா?" என்று கேட்டாள் மேற்பார்வைக்கார அம்மாள்.

"இல்லீங்க" என்றான்.

அண்ணி கத்தத் தொடங்கினாள். வலியில் பிதற்றுகிறாள் என்று சொல்லி நர்ஸ் ஊசி எடுக்கப் போனாள். மேற்பார்வைக்கார அம்மாள் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, தான் போட்ட கோட்டின் மேல் மறுபடி பெயரை எழுதினாள்.

"இனிமே இவங்களை எங்க பாத்துக்கப் போறாங்க? நாங்க வச்சுப் பாத்துக்கறோம். பக்கத்துலயே இருக்கட்டும். எப்பவும் ஒருத்தர் கூடவே இருப்போம்" என்று சொல்லி, சாவியை எடுத்து இவள் கையில் வைத்து மூடினாள்.

வராந்தாவில் அண்ணன் பின்னாலேயே வந்தான். அந்தப் பக்கமும் யாரும் இல்லை, இந்தப் பக்கமும் யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கண்ணாடியை எறக்கித்தாம்மா வச்சிருந்தேன். 'அண்ணா'ன்னு ஒரு குரல் கொடுத்திருந்தா நிறுத்தியிருப்பேனே. ஏம்மா கூப்பிடலை?"

அவள் நின்று அவனை நன்றாகப் பார்த்தாள். வண்டிக்குள் அன்று அவள் 'அண்ணா' என்று கூப்பிட்டது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு காதைத் தொட்டாள், வாயைத் தொட்டாள், சாவி இல்லாத கையை விரித்தாள்.