பாலத்துக்கு ஒரு பூட்டு

மேலாளருக்குப் பாதுகாப்பு என்றால் பூட்டுதான். மேசைக்குப் பூட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு, கழிப்பறைச் சோப்புக்குக்கூட ஒரு சங்கிலி. அப்படிப்பட்டவர், அலுவலக மாடியிலிருந்து எதிர்ச்சாரிக் கிடங்கு மாடிக்குக் ‘வயர்லெஸ் பாலம்’ என்ற ஒன்றின் வழியே, கம்பியே இல்லாமல் விவரமெல்லாம் காற்றில் போகிறது என்று கேள்விப்பட்டால் சோறு இறங்குமா?

“ஏம்மா, நம்ம ஆர்டர் எல்லாம் ரோட்டு மேல தொறந்தா கெடக்குது?”

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவள் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். பொறுமை மட்டும் நிரந்தரம்.

“இல்ல சார். இந்த மாடியில இருக்குற ஆன்டெனாத் தட்டு எல்லாத்தையும் குழப்பி அனுப்புது. அந்த மாடித் தட்டுதான் பிரிச்சுப் படிக்கும். நடுவுல யாரு புடிச்சாலும் வெறும் கிறுக்கல்தான்.”

“அதெல்லாம் சரி. பூட்டு எங்க?”

“பாஸ்வேர்டுதான் சார் பூட்டு.”

“கண்ணுல காட்டு.”

அவளால் காட்ட முடியவில்லை. மறுவாரமே மேலாளரின் மச்சான், ஜன்னல் கிரில் அடிப்பதைத் தொழிற்புரட்சி என்று சொல்லிக்கொள்பவர், இரண்டு இரும்புப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். முன்பக்கம் நெருக்கமான வலைக்கதவு, அதில் உள்ளங்கை அகலப் பூட்டு. மேலே பித்தளைத் தகடு: ‘முதலாளியம்மா அவர்களின் பாதங்களுக்குச் சமர்ப்பணம். திறந்து வைத்தவர்: மேலாளர்.’ இரு மாடித் தட்டுகளும் உள்ளே போயின. திறந்து வைத்தவரே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று மதியமே கிடங்கு குமாஸ்தா போன் போட்டான். “அக்கா, ஒரு ஆர்டர் சீட்டு வர்றதுக்குள்ள ரெண்டு லாரி டிரைவர் சண்டை போட்டு, சமாதானமும் ஆகிட்டாங்க.”

அவள் கணினியைப் பார்த்துவிட்டு மேலாளரிடம் ஓடினாள்.

“சார், ஒவ்வொரு துண்டும் போனதும் அங்கேர்ந்து ‘கெடச்சிருச்சு’ன்னு பதில் வரணும். வரலன்னா இங்கேர்ந்து திரும்ப அனுப்பும். வலையில முட்டி முட்டி ஒண்ண அஞ்சு தடவை அனுப்புது.”

“அஞ்சு தடவையா!” மேலாளர் நெகிழ்ந்துபோனார். “மெஷினுக்கு இருக்குற சுறுசுறுப்பு நம்ம ஆளுங்களுக்கு இல்லையேம்மா.”

நெகிழ்ச்சி அதோடு சரி. நிரந்தரம் கேட்டு அவள் கொடுத்த மனுவின் கீழே, ‘இணைப்பு மந்தம். காரணம் இவரது கவனக்குறைவு. வேலையிலிருந்து விடுவிக்கலாம்’ என்று பச்சை மையில் எழுதினார். கையெழுத்துப் போட முதலாளியம்மாவே நேரில் வந்தார்.

மாடியில், தகட்டுக்கு முன்னால் வைத்து, கிடங்குக்கு ஒரு பட்டியலை அனுப்பச் சொன்னார் மேலாளர். அவள் போனின் மறுமுனையில் குமாஸ்தா காத்திருந்தான்.

“வந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

“இப்ப?”

“பாதி... இல்ல, அதுவும் நின்னுருச்சு.”

“பாத்தீங்களாம்மா, இவ லட்சணத்த!” என்றார் மேலாளர்.

“அம்மா, அந்தச் சாவிய ஒரு நிமிஷம் வாங்கிக் குடுங்க. ஒரு பக்கம் தொறந்தாலே போதும்” என்றாள் அவள்.

முதலாளியம்மா கையை நீட்டினார். நீட்டிய கைக்கு மறுப்பு சொல்லி மேலாளருக்குப் பழக்கமில்லை. கதவு கிரீச்சிட்டுத் திறந்ததுதான் தாமதம், போன் அலறியது. “அக்கா, வந்துருச்சு! காலையில கேட்டதும் சேந்து வந்துருச்சு!”

மேலாளர்தான் முதலில் தேறினார். “கவனிச்சீங்களாம்மா? பூட்டுனா நம்ம ஆளுக்கே போகல. திருடனுக்கு எப்படிப் போகும்?”

முதலாளியம்மா தகட்டைத் தடவிப் பார்த்தார். தன் பாதங்களைப் பற்றி யாரும் இதுவரை பித்தளையில் எழுதியதில்லை. “பெட்டி இருக்கட்டும். காலையில தொறந்து சாயங்காலம் பூட்ட ஒரு ஆள் வேணும். இந்தப் பொண்ணையே நிரந்தரம் பண்ணிடுங்க.”

ஆறு வருட வேலை தராததை ஒரு கதவைத் திறந்தது தந்தது. உத்தரவு கைக்கு வந்த மறுநாள் காலை இரு மாடிகளிலும் அவள் கதவுகளைத் திறந்து கொக்கி போட்டு நிறுத்தினாள். பூட்டுகளைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு கீழே வந்து, காணவில்லை என்று புகார் எழுதினாள்.

மேலாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “பூட்டையே தூக்கிட்டானுங்களா! அப்ப உள்ள இருந்தது எவ்ளோ பெரிய விஷயமா இருக்கும்! மச்சானக் கூப்பிடு. இனிமே பெட்டிக்கு வேணாம், மாடிப்படிக் கதவுக்கே பூட்டு.”

“நல்ல யோசனை சார்” என்றாள், காற்றில் போவதற்கு மாடிப்படி தேவையில்லை என்று தெரிந்த நிரந்தர ஊழியர்.