ஏஞ்சல் மீனுக்கு இருபத்தெட்டு டிகிரி

கும்மிடிப்பூண்டி வெயிலில் ஒரு மே மாதத்தைக் கழித்தவன் எவனும் மீனுக்கு ஹீட்டர் வாங்க மாட்டான். எபினேசர் வாங்கினான். அதுவும் வீட்டுக்கு வெளியே, பக்கச் சந்தில், தகரக் கூரைக்குக் கீழே வைத்த தொட்டிக்கு.

"நாமே இங்க வெந்துகினு கீறோம், மீனுக்கு ஹீட்டர் போட்றியா நைனா?" என்றான் கம்பெனியில் அவனுக்குப் பக்கத்து உலையில் வேலை செய்யும் மணிகண்டன்.

காரணம் இல்லாமல் இல்லை. எபினேசர் வளர்த்த ஏஞ்சல் மீன்கள் இரண்டு முறை மார்கழிக் குளிரில் உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி வந்து செத்துப்போயின. போதாக்குறைக்கு, இரண்டாவது தொட்டி ஹாலிலேயே விரிசல் விட்டு, மனைவி மெர்சியின் கல்யாணப் புடவை இருந்த பீரோவைக் குளிப்பாட்டிவிட்டது. அன்றைக்கே மெர்சி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"வெளிய வெச்சிக்க. அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் ஒண்ணு கூட சாவாம பாத்துக்கினா தொட்டி ஊட்டுக்குள்ள வரட்டும். ஒண்ணு செத்தாலும் காயலான் கடைக்குத்தான். அதோட மீன் பேச்சே எடுக்கக் கூடாது."

எபினேசர் மீசையை முறுக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டான். கம்பெனியில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுப்பதுதான் அவன் வேலை. சூட்டு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் சொல்வதாக அவன் சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மீன் கடையில் தானாக அணைந்துகொள்ளும் ஹீட்டரைக் காட்டினார்கள். அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு என்று ஒதுக்கிவிட்டு, கம்பெனியில் இருப்பதுபோலவே ஒரு கன்ட்ரோலரை வாங்கி மாட்டினான். அதிலிருந்து ஒரு சென்சார் ஒயர் தண்ணீருக்குள் தொங்கும். தண்ணீர் இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டர் எரியும், ஏறினால் அணையும்.

வெயில் காலம் முழுக்க அந்த ஹீட்டருக்கு வேலையே இல்லை. தண்ணீர் கொதித்துவிடாமல் இருக்க, பாட்டிலில் ஐஸ் கட்டி மிதக்கவிட வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்ட வேண்டியிருந்தது. மூன்று மீனும் கொழுகொழுவென்று இருந்தன. பெருமை முழுவதையும் எபினேசரே எடுத்துக்கொண்டான். தான் ஷிப்டுக்குப் போன பிறகு பாட்டிலை மாற்றுவது யார், தீனி போடுவது யார் என்று அவன் யோசித்ததே இல்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு. காலையில் நல்ல குளிர். ஜெயித்த மாதிரிதான் என்று எபினேசருக்குத் தோன்றிவிட்டது. கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு மணிகண்டனின் வாயை அடைக்க வேண்டும் என்று தொட்டியைப் போட்டோ எடுத்தான். சென்சார் ஒயர் குறுக்கே வந்து படத்தைக் கெடுத்தது. அதை வெளியே எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, இன்னொரு படம் எடுத்து, 'வருஷம் பூரா 28 டிகிரி' என்று போட்டுவிட்டு, ஆராதனைக்குக் கிளம்பினான்.

புதிதாக வேலைக்கு வரும் எவனுக்கும் எபினேசர் சொல்லும் முதல் பாடம் இதுதான்: "சென்சார் உள்ள கீதான்னு பாரு. வெளிய கெடந்தா காத்தோட சூட்டத்தான் சொல்லும். மிஷினு குளுருதுன்னு நெனச்சி எரிச்சிக்கினே இருக்கும்."

சர்ச்சில் பாஸ்டர் தாழ்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எபினேசர் எத்தனை பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பியதும் சந்துக்குள் முதலில் போனது மெர்சி.

"யோவ்! இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற?"

மூன்று மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தொட்டியைத் தொட்டால் குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் போல இருந்தது. ஆணியில் தொங்கிய ஒயரைப் பார்த்த எபினேசருக்கு வெட்கத்தில் காது சிவந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே ஓடி, ஐஸ் பாட்டில்களை அள்ளிக்கொண்டு வந்தான்.

மெர்சி அவன் கையைப் பிடித்துத் தள்ளினாள். "சட்டுனு குளுர வெச்சா செத்துரும்! இது இன்னா உங்க கம்பெனி இரும்பா, முக்கி எடுக்கறதுக்கு?"

சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு உட்கார்ந்து, பழைய தண்ணீரை மொண்டு ஊற்றி, புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். மீன்கள் ஒருவழியாகக் கீழே இறங்கின. "ஊட்டாண்டையே இரு. பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் கூட்டத்துக்குப் போனாள்.

எபினேசர் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் கண்ணெதிரேயே கறுப்பு ஏஞ்சல் பக்கவாட்டில் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது.

துக்கம்தான். ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. செத்ததை முருங்கை மரத்தடியில் புதைத்தான். பைக்கை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் பறந்து, அதே அளவில், அதே நிறத்தில் ஒன்றை வாங்கிவந்து விட்டான். அவன் கண்ணுக்கு இரண்டுக்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான்.

சாயங்காலம் மெர்சி வந்தாள். தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். அதிக நேரம் ஆகவில்லை.

"கருப்பி எங்க?"

"எந்தக் கருப்பி?"

"என் கருப்பி. வால்ல ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கும். வெரல வெச்சா ஓடியாந்து முட்டும். இது யாரோ."

அவள் நீட்டிய விரலைக் கண்டு புது மீன் மூலையில் போய் ஒடுங்கியது. எபினேசர் முருங்கை மரத்தைக் காட்டினான்.

மெர்சி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தமாகவே அழுதாள்.

"நீதான மெர்சி மீனே வேணான்ன?" என்றான் எபினேசர்.

"ஊட்டுக்குள்ள வேணான்னேன். சாவட்டும்னா சொன்னேன்?"

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த மேசையை ஒழித்துக் காலி செய்தாள்.

"தண்ணிய எறச்சிட்டு தொட்டியத் தூக்கியா. இங்க வெய்யி."

அவனுக்கு நம்பவே முடியவில்லை. "அப்ப நான் ஜெயிச்சிட்டனா?"

"தோத்துட்ட. அதான் உள்ள வருது. இதுங்கள இனிமே உன் கைல வுட்டு வெக்க முடியாது."

எபினேசர் மீன்களைப் பக்கெட்டில் விட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டியைக் கட்டிப் பிடித்துத் தூக்கி வந்து, அவள் காட்டிய இடத்தில் வைத்தான். திரும்பத் தண்ணீரும் மீனும் விட்டு, சென்சார் ஒயரை உள்ளே விடப் போனபோது, அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.