கை எடுத்தால் அணைகிறது

புயல் போய்விட்டது. போகிற போக்கில் ரமணாசிரமம் பக்கத்து மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. பரசுராமன் மேனேஜராக இருந்த விடுதியில் இன்வர்ட்டர் முதல் நாளே கையை விரித்தது. ஐஸ் பெட்டியில் இருந்த கட்டிகளெல்லாம் கரைந்து தண்ணீராகிவிட்டன, அந்தத் தண்ணீரிலும் இப்போது குளிர்ச்சி இல்லை. அதற்குள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் அவன் மனைவி அன்புச்செல்வியின் ஊசி மருந்து இருந்தது.

குழந்தை உண்டாவதற்கான மருந்து. குளிர் போனால் மருந்தும் போச்சு. "இதுதான்மா கடைசி, இதுக்கு மேல உன் உடம்பு தாங்காது" என்று சொல்லித்தான் சென்னை டாக்டரம்மா சிகிச்சையை ஆரம்பித்திருந்தார். ஊரில் மருந்துக் கடைகள் இருட்டாகக் கிடந்தன. ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இடுப்பளவு தண்ணீர்.

அப்போதுதான் கொல்லையில் நின்ற கேரவன் வண்டி பரசுராமனுக்கு ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் வந்து தங்கும் வெள்ளைக்காரர் ஒருவர் அதை நிறுத்தி, சாவியை இவனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். அதில் இருக்கிற ஃப்ரிட்ஜ் கரண்ட் இல்லாவிட்டால் கேஸில் ஓடும். பின்னால் தீ எரிந்தால் உள்ளே குளிரும். தீயை வைத்துக் குளிரவைக்கிற வித்தையை வெள்ளைக்காரர் எத்தனையோ தடவை விளக்கியும் இவன் மண்டையில் ஏறியதில்லை. ஆனால் ஓடும் என்பது தெரியும்.

ஓடவில்லை. வண்டிக்குள் ஃப்ரிட்ஜின் கேஸ் குமிழை அழுத்திப் பிடித்துப் பட்டனைத் தட்டினால் டிக் டிக் என்று சத்தம் வந்ததே தவிர தீ பற்றவில்லை. சிலிண்டர் காலியோ என்று வண்டிக்குள்ளிருந்த அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தான். அது ஜோராக எரிந்தது. கீழ்பென்னாத்தூரில் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கலீல் ரஹ்மானுக்குப் போன் போட்டான்.

"பொறி தெரியுதா, பரசு?"

"சத்தம் நல்லாதான் வருது, பாய்."

"சத்தத்த வச்சி என்ன பண்றது? வெளியில மூடி இருக்கும் பாரு, அதக் கழட்டு. பொறி பறக்குதான்னு சொல்லு."

சல்லடை மாதிரி துளை போட்ட மூடியைக் கழற்றினான். விரல் நீளத்துக்கு ஒரு பர்னர். அதன் வாயருகே இரண்டு சின்னக் குச்சிகள். எல்லாவற்றின் மேலும் செம்பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. மழை ஈரத்தில் துரு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். பொறி பறக்கவில்லை.

"அப்ப உள்ள போயி குமிழ அழுத்தி டேப்பு போட்டு ஒட்டிட்டு, வெளிய வந்து தீக்குச்சி காட்டு. பத்திக்கினா கொஞ்ச நேரம் கழிச்சி டேப்ப எடு. முகத்த தள்ளி வச்சுக்கோ."

புஸ்ஸென்று நீலமாகப் பற்றியது. பரசுராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே ஓடிப் போய் டேப்பைப் பிரித்தான். தீ அணைந்தது. மறுபடி பற்றவைத்தான், கையாலேயே அழுத்திப் பிடித்தபடி நின்றான், கையை எடுத்தான், அணைந்தது. கட்டைவிரல் மரத்துப்போகும்வரை இதே கூத்துதான். மதியம் அன்புச்செல்வி வந்து வாசலில் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்ட்டு செய்ங்களேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவன் சாப்பிடப் போகவில்லை.

அதன் பிறகு போன் லைன் அறுந்து, பொழுது சாய்கிற நேரத்தில்தான் கலீலின் குரல் மறுபடி கிடைத்தது.

"தீக்குள்ள நீட்டிக்கினு இருக்கிற குச்சிக்குச் சூடு ஏறினாதான் கேஸ் நிக்காம வரும். அது மேல ஏதாச்சும் ஜாஸ்தி அப்பிக்கினு கீதா பாரு. நகத்தால சுரண்டு."

சுரண்டினான். துரு என்று நினைத்தது பொடியாக உதிர்ந்து நகக்கண்ணில் ஏறியது. கையை மூக்கருகே கொண்டுபோன பரசுராமன் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

சந்தனம். மேலே குங்குமம்.

ஆயுத பூஜை அன்று அவன் கையால் வைத்தது. மற்ற வருஷங்களில் வண்டியின் முகப்பில் ஒரு பொட்டு வைப்பதோடு சரி. இந்த வருஷம் அந்த மாசமே சிகிச்சை ஆரம்பிப்பதாக இருந்தது. சாமிக்கு ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்று ஒரு வெறி. தண்ணீர் மோட்டார், மிக்ஸி, வாசல் கேட் என்று வைத்துக்கொண்டே வந்தவன், இந்த மூடியையும் திறந்து, பர்னருக்கும் குச்சிகளுக்கும் தாராளமாக அப்பி, பிள்ளை வரம் கேட்டிருந்தான்.

அந்தப் பாழாய்ப்போன பக்தியை ஈரத் துணியால் துடைத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பட்டனைத் தட்டினான். முதல் தட்டிலேயே பற்றியது. கையை எடுத்தான். தீ அணையாமல் நின்றது.

"செல்வி! புடிச்சிக்கிச்சி! டப்பாவ எடுத்துக்கினு வா!"

அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். எவர்சில்வர் டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது.

"மதியமே நர்ஸ் போன் பண்ணாங்க. இவ்ளோ நேரம் குளிர் இல்லாத மருந்த போடவே கூடாதாம். ஊசி விட்டுப் போச்சுன்னா இந்த தடவ அவ்ளோதானாம். திரும்ப ஆரம்பிக்க முடியாதுன்னு டாக்டரம்மாவும் சொல்லிட்டாங்க. கொட்டிட்டேங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க அவ்ளோ நம்பிக்கையா செஞ்சிக்கினு இருந்தீங்க. என்னால முடில."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டான். அவள் அழவில்லை. அவன் கையை இழுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

"சந்தன வாசன வருது. சாமி கும்புட்டீங்களா?"

வண்டிப் பக்கம் பார்த்தான். மூடாத துளைக்குள் தீ சீராக எரிந்துகொண்டிருந்தது.

"ஆமா" என்றான்.