கொடை என்னைக்கு?

"ஏட்டி, தலைவலி மாத்திரைன்னு சொல்லு. அந்தப் பேச்ச மட்டும் கோர்ட்டுல எடுக்காத" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் மாமியார் சுடலைவடிவு.

முத்துராணி விளங்காத வலது கையை இடது கையால் தூக்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். தெருவில் வக்கீலம்மா ஹெப்சிபா ஆட்டோவில் காத்திருந்தாள்.

"தலைவலின்னு சொன்னா கேஸு நிக்காது அத்த."

"நிக்காட்டா போவுது. நாலு ஆம்பளைக கூடுத சபையில தீட்டப் பத்திப் பேசுனா, நாளைக்கு ஊருக்குள்ள தல நிமிர முடியுமா? ஏலே செந்திலு, நீயாவது சொல்லுலே."

செந்தில்முருகன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அவனுக்கு அந்தப் போன்தான் துணை.

எல்லாம் போன வருஷத்துக் கோயில் கொடைத் திருவிழாவால் வந்த வினை. சுடலைமாடனுக்கு முதல் பொங்கல் வைக்கும் உரிமை இந்த வீட்டு மருமகளுக்கு. அன்றைக்குப் பார்த்து அவள் விலக்காகிவிட்டால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். கொடை மாதம் வந்தால் ஊர் டாக்டர் வாசலில் பெண்கள் கூட்டம் நெரியும். நாள் தள்ளிப்போகும் மாத்திரையை அவரும் கடலை மிட்டாய் போல எழுதிக் கொடுப்பார். ஊரில் ஒரு சாவு விழுந்து கொடை தள்ளிப்போனது. முத்துராணி போய்க் கேட்டதும், டாக்டர் மாத்திரையையும் அதுவரைக்கும் நீட்டி எழுதினார். அவளோ பிள்ளை பெற்றபோது காலில் ரத்தம் உறைந்து பிழைத்தவள். அவளுக்கு அந்த மாத்திரையே ஆகாது. கொடைக்கு முந்தின நாள் மூளையில் ரத்தம் உறைந்து அடுப்படியில் விழுந்தாள்.

சாமி எந்தப் பெண்ணையும் மாத்திரை தின்னச் சொல்லவில்லை. சொன்னது மனிதர்கள். இந்த வருஷம், கை விளங்காதவள் பொங்கல் பானையைத் தொடக்கூடாது என்று உரிமையைப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்ததும் அதே மனிதர்கள்தான். சுடலைவடிவு அன்றைக்கும் ஊர் வாய்க்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

"வழிய விடுங்க அத்த" என்று முத்துராணி காலை இழுத்தபடி அவளைத் தாண்டிப் போனாள்.

திருநெல்வேலி நுகர்வோர் கோர்ட்டில் டாக்டரின் வக்கீல் எழுந்தார்.

"டாக்டர் உங்க பழைய நோயெல்லாம் விசாரிச்சிருக்காரு. நீங்கதான் மறைச்சிட்டீங்க. அப்படித்தானே?"

முத்துராணிக்கு நாக்கு இன்னும் குழறியது. பையப் பேசினாள்.

"அவிய ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவ சார். கொடை என்னைக்குன்னு."

நீதிபதி நிமிர்ந்தார். "கொடைக்கும் மாத்திரைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

பின்வரிசையில், மகனோடு பஸ் ஏறி வந்துவிட்ட சுடலைவடிவு தலையைக் குனிந்துகொண்டாள். முத்துராணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். தலைவலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கும். டாக்டர் வாசலில் நிற்கும் பெண்களுக்கு அதே மாத்திரையும் இறங்கும்.

"பொங்க வைக்கும்போது எனக்குத் தீட்டு வந்திரக்கூடாதுன்னு, நாள் தள்ளிப்போவத் தந்த மாத்திரை சார் அது."

தட்டச்சுச் சத்தம் நின்றது. ஆண்கள் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்கள். டாக்டரின் வக்கீல் குரலைத் தாழ்த்தி, அக்கறை உள்ளவர் போலக் கேட்டார்.

"ஏம்மா, இதையெல்லாம் சபையில சொல்லலாமா?"

"சபைக்காவத்தான சார் முழுங்குனேன்" என்றாள் முத்துராணி. "சபையிலதான் சொல்லணும். எழுதிக்கிடச் சொல்லுங்க."