இலை முத்திரை

புருஷனின் வீங்கிப்போன விரலுக்கும் மோதிரத்துக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகிவிட்டு, இழை ரம்பத்தை ஓட்டத் தொடங்கினாள். சோப்பு போட்டாயிற்று, எண்ணெய் போட்டாயிற்று, கழலவில்லை. உயிர் காலையில்தான் போயிருந்தது.

"பாத்து அண்ணி, கையில பட்டுடப் போகுது," என்றான் கொழுந்தன்.

"பட்டா என்ன, கத்தவா போறாரு?"



புருஷனும் பெண்டாட்டியும் கேட் பட்டறை நடத்தியவர்கள். வெல்டிங் அவள், அளவெடுப்பதும் பேரம் பேசுவதும் அவர். மிஞ்சிய பித்தளைத் துண்டில் விளையாட்டாய் ஒரு தோடு செய்து மாட்டிக்கொண்டாள். ஜன்னல் கம்பி கேட்டு வந்தவள் ஜன்னலை மறந்துவிட்டுத் தோட்டைக் கேட்டாள். அப்புறமென்ன, நகை வேலையில் இறங்கிவிட்டாள்! இரும்பை உருக்கிய கை ஊசிமுனைச் சுடருக்குப் பழகுவதற்குள் எவ்வளவு வெள்ளியைப் பொசுக்கித் தொலைத்தாளோ. ஆனால் பழகிவிட்டது.

விற்பது அவர் பொறுப்பு. மெருகுக் கடைக்குக் கொண்டுபோய் முத்திரை குத்துவதும் அவர்தான். செய்தவர் அடையாளமாய் அவருக்குச் சுத்தியல் முத்திரை, அவளுக்கு இலை முத்திரை. "ரெண்டும் ஒட்டி ஒட்டி ஜோடியா இருக்கும்டி," என்பார். அங்கிருந்தே விற்பனைக்குப் போய்விடும்; போன சாமான் எதுவும் வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை. இந்த மோதிரமும் அவள் செய்ததுதான். முத்திரைக்குக் கொண்டுபோனவர் விரலில் மாட்டிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு வருஷமாய்க் கழற்றவில்லை.

மோதிரம் விட்டுக்கொடுத்தது. உள்பக்கத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சுத்தியல் மட்டும். பக்கத்தில் நிறைய இடம் இருந்தது.

"இலை எங்கடா?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான். "ரெண்டு முத்திரை இருந்தா வாங்குறவங்க குழம்புவாங்கன்னு அண்ணன்தான்... உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு."

"எதுலயுமே இல்லியா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

அடப்பாவி மனுஷா! ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் படுத்து, பன்னிரண்டு வருஷம் முகத்துக்கு நேரே புளுகியிருக்கிறார். சட்டையைப் பிடித்துக் கேட்கலாமென்றால் ஆள் நிம்மதியாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டார். 

அந்த நேரம் பார்த்து, அவரிடம் வழக்கமாய் நகை வாங்குகிற அம்மாள் ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். கழுத்தில் வெள்ளி அட்டிகை. கொக்கி உடைந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தது.

"என்ன கைங்க அவரோடது! இனிமே இதை யாரு சரி பண்ணுவா, சொல்லுங்க?"

"அது நான் செஞ்சதுங்க."

"புரியுதும்மா. கூடமாட எவ்வளவோ உதவியிருப்பீங்க. மனசு விட்டு அழுதுடுங்க." அந்த அம்மாள் அவளைத் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

"கழட்டிக் குடுங்க."

வாங்கிக்கொண்டு பின்கட்டுப் பட்டறைக்குப் போனாள். ஒன்றும் புரியாமல் அந்த அம்மாளும் பின்னாலேயே வந்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது.

"அண்ணி, தூக்கப் போறாங்க. கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்துடுங்க."

"நீங்க தூக்குங்க. எனக்குக் கையில வேலை இருக்கு."

சுடரைப் பற்றவைத்தாள். கொக்கியில் வைத்த பற்றாசுத் துண்டு உருகி, விரிசலுக்குள் ஓடி மறைந்தது. வந்த அம்மாள் மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.